மாடி வீட்டு மூத்தோர்

பினாங்குத் தீவில், ஜோர்ஜ் டவுனிலிருந்து ஆயர் ஈத்தாம் செல்லும் பக்கம் ஒன்பது உயர்ந்த கட்டடங்கள் நிற்கின்றன. ரைபிள் ரேஞ்ச் என்பது அந்தக் குடியிருப்பின் பெயர். மலாய்மொழியில் பாடாங் தெம்பாக். ஒரு காலத்தில் அங்கே துப்பாக்கி சுடும் பயிற்சித் திடல் இருந்ததால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. 1970ஆம் ஆண்டையொட்டி எழுந்த இக்குடியிருப்பு, நம் நாட்டின் தொடக்கக் காலத்து மலிவுவிலை அடுக்குமாடிகளுள் ஒன்று. மொத்தம் 3,600க்கும் மேற்பட்ட வீடுகள். நகரின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்நாளில் அது பெரும்பேறாக இருந்தது. குழாயைத் திருகினால் தண்ணீர். விசையை அழுத்தினால் விளக்கு. ஏறி நின்றால் மேலே கொண்டுபோய் விடும் மின்தூக்கி.

அங்கே குடிவந்தவர்கள் அப்போது இளம் பெற்றோர்கள். 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டபோது, அதிகாலையில் தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்து நின்ற இளம்பெண்களுக்கு வயது பதினெட்டு, இருபது. அவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். பிள்ளைகள் படித்தார்கள், வேலை கிடைத்தது, பட்டர்வொர்த், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பிரிந்து போனார்கள். பெற்றோர் அதே வீட்டில் தங்கிவிட்டனர். ‘இது முதியோர் குடியிருப்பு’ என்று யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. ஆனாலும் இத்தகைய பழைய அடுக்குமாடிகள் மெல்ல மெல்ல முதியோர் குடியிருப்புகளாக மாறிக்கொண்டிருக்கின்றன.

இப்படித் தானாகவே முதிர்ந்துபோகும் குடியிருப்புகளை ஆய்வாளர்கள் முன்பே கவனித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கல் ஹன்ட், 1980களில் இவற்றுக்கு ‘இயல்பாக உருவான ஓய்வுக்காலச் சமூகம்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். திட்டமிட்டுக் கட்டப்படும் ஓய்வுக்கால ஊர் வேறு வகை. அதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்திலுள்ள சன் சிட்டி. டெல் வெப் என்னும் கட்டுமான நிறுவனர் 1960ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அதைத் திறந்து வைத்தார். கோல்ப் திடல், நீச்சல் குளம், கைவினைக் கூடம், கடைத்தொகுதி என்று எல்லாம் ஓரிடத்தில். ஓய்வு பெற்றவர் நாற்காலியில் சாய்ந்து கிடக்க வேண்டியதில்லை. துடிப்போடு வாழலாம் என்பதே அதன் விளம்பரம். அதுவரை முதுமை என்றாலே நோயும் தனிமையும்தாம் என்று எண்ணியிருந்த மக்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்தது. வீடுகள் மளமளவென விற்றன.

ஆனால், துடிப்போடு வந்தவர்களுக்கும் வயது ஏறத்தானே செய்யும்? அறுபது வயதில் கோல்ப் ஆட வந்தவருக்கு எழுபத்தைந்து வயதில் முழங்கால் வலி. எண்பது வயதில் கார் ஓட்டப் பார்வை போதவில்லை. விளையாட்டுத் திடலை நடுவில் வைத்துத் திட்டமிட்ட ஊருக்கு, பத்தே ஆண்டுகளில் சொந்த மருத்துவமனை தேவைப்பட்டது. 1970இல் அங்கே மருத்துவமனை திறக்கப்பட்டது. வேறொரு சிக்கலும் தலைதூக்கியது. பிள்ளைகளே இல்லாத ஊரில் பள்ளிக்கு எதற்கு வரி என்று கேட்டு, வட்டாரப் பள்ளிகளுக்கு நிதி திரட்டும் தீர்மானங்களை அவ்வூர் வாக்காளர்கள் அடுத்தடுத்துத் தோற்கடித்தனர். இறுதியில் அந்தப் பள்ளி வட்டாரத்திலிருந்தே சன் சிட்டி பிரிக்கப்பட்டது. முதியவர்களை மட்டும் ஓரிடத்தில் சேர்த்தால் அவர்களுக்கு அமைதி கிடைக்கும். பேரப்பிள்ளை வயதினரின் கவலை எட்டாமல் போய்விடும். இது யாருக்கும் நல்லதாகத் தெரியவில்லை.

முதுமையில் தேவைகள் ஒரே நாளில் மாறுவதில்லை. அதுதான் சிக்கலே. முதலில் அரிசி மூட்டையைத் தூக்க முடிவதில்லை. பிறகு குளியலறைத் தரையின் ஈரம் அச்சமூட்டுகிறது. அதன்பின் மருந்துச் சீட்டின் எழுத்து மங்குகிறது. ஒவ்வொன்றும் சிறியது. சுவரில் ஒரு கைப்பிடி, வழுக்காத விரிப்பு, வெளிச்சமான விளக்கு ஆகியவை இருந்தால் பல ஆண்டுகள் தன் வீட்டிலேயே ஒருவர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளலாம். சூழல் கடினமாக இருந்தால், உடலில் ஏற்பட்ட சிறு தளர்ச்சிகூடப் பெரிய இயலாமையாகத் தெரியும். 1970களில் பவல் லாட்டன் என்ற உளவியலாளர் விளக்கிய கருத்து இது. ஒருவரால் நடக்க முடியவில்லை என்று சொல்வதற்கு முன், அவர் நடக்க வேண்டிய இடம் எப்படியிருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ரைபிள் ரேஞ்ச் கட்டடங்களுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. அவை செங்கல்மேல் செங்கல் வைத்துக் கட்டப்பட்டவை அல்ல. பெரிய கான்கிரீட் பலகைகளை முன்னரே வார்த்து, பிறகு அவற்றைப் பொருத்தி எழுப்பப்பட்டவை. விரைவாக வீடு கட்ட அந்நாளில் அது புதிய முறை. ஆனால் அந்தச் சுவர்களே கட்டடத்தின் பாரத்தைத் தாங்குபவை; நினைத்தபடி இடிக்க முடியாது. சக்கர நாற்காலி நுழையும் அளவுக்குக் கழிவறை வாசலை அகலப்படுத்த விரும்பினால் பொறியாளரைக் கேட்காமல் சுத்தியலைத் தொடக்கூடாது. இருபத்தைந்து வயதுத் தம்பதியரை நினைத்துக் கட்டிய வீட்டில், எழுபத்தைந்து வயது உடல் முட்டி மோதிக்கொள்கிறது.

இதைவிடக் கடினமானது, உதவி வேண்டும் என்று வாய்திறந்து சொல்வது. முதியோர் பலர் தாங்கள் தவறி விழுந்ததைப் பிள்ளைகளிடம் மறைத்துவிடுகிறார்கள். வலியைவிட, ‘இனிமேல் உங்களைத் தனியாக விட முடியாது’ என்ற சொல்லுக்கே அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள். கையிலுள்ள காயத்தைக் கேட்டால், கதவில் இடித்துக்கொண்டேன் என்று ஒரு பதில் வரும். துடிப்பான முதுமை என்று பெருமையாகப் பேசும் இடங்களில் இந்த அச்சம் இன்னும் கூடுதல். துடிப்புத்தான் அங்கே தகுதி என்றால், தளர்ந்தவர் தகுதி இழந்தவர் ஆகிவிடுகிறாரே!

இது வெறும் கற்பனை அச்சமன்று. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஓர் ஓய்வுக்கால இல்லம் 2011இல் புதிய விதியொன்றைக் கொண்டுவந்தது. பராமரிப்புப் பிரிவுக்கு மாறியவர்கள், தனித்து வாழ்வோருக்கான உணவுக்கூடத்தில் இனி உண்ணக்கூடாது என்பதே அவ்விதி. கணவர் பராமரிப்புப் பிரிவில், மனைவி தனி வீட்டில் என்றிருந்தவர்கள் வழக்கமான மேசையில் ஒன்றாக அமர்ந்து உண்பதற்கும் தடை வந்தது. பல ஆண்டுகளாக ஒரே மேசையில் பேசிச் சிரித்த நண்பர்களும் பிரிக்கப்பட்டனர். அந்நாட்டு நீதித்துறை தலையிட்ட பிறகு 2015இல் உடன்பாடு ஏற்பட்டு, அந்த இல்லம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. இழப்பீடும் கொடுக்க நேர்ந்தது. சக்கர நாற்காலியைக் கண்டால் மற்றவர்களுக்கு மனம் வாடும் என்று எண்ணுவோர் எங்கும் உண்டு. நாளை தங்களுக்கும் அந்த நாற்காலி வரலாம் என்பதை அவர்கள் பார்க்க விரும்புவதில்லை போலும்.

மனநலத்துக்கு அடிப்படை எது என்பதைக் காட்டும் பழைய ஆய்வொன்று உள்ளது. எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு உளவியலாளர்கள் 1976இல் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் நடத்திய ஆய்வு அது. ஒரு தளத்தில் வாழ்ந்தோரிடம், ‘அறையை எப்படி அமைப்பது, எந்த நாளில் படம் பார்ப்பது என்பதெல்லாம் உங்கள் முடிவு’ என்று சொல்லி, தாங்களே வளர்க்க ஒரு செடியும் கொடுத்தார்கள். இன்னொரு தளத்தில் இருந்தவர்களுக்கும் செடி உண்டு. ஆனால் தண்ணீர் ஊற்றுவது தாதியரின் வேலை. மற்ற ஏற்பாடுகளையும் பணியாளர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. மூன்று வாரங்களில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்பும் மகிழ்ச்சியும் கொண்டிருந்தனர். அக்கறையோடு எல்லாவற்றையும் செய்து கொடுப்பதும் சில வேளைகளில் ஒருவரைச் சோர்வடையச் செய்யும். பாட்டியின் கையிலிருந்து துடைப்பத்தைப் பிடுங்கும் பேரப்பிள்ளைகள் இதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

பழைய அடுக்குமாடிகள் ஒரு விதத்தில் சன் சிட்டியைவிட மேலானவை. காலையில் கீழே இறங்கினால் காப்பிக்கடை. அங்கே தமிழ், மலாய், ஹொக்கியன் மூன்றும் ஒரே மேசையில் கலந்து ஒலிக்கும். தினமும் வரும் ஒருவர் வரவில்லையென்றால் கடைக்காரர் கவனிப்பார். மறுநாள், “என்ன ஐயா, ரெண்டு நாளா ஆளையே காணோம்?” என்று கேட்பார். எந்த நிறுவனமும் இந்தக் கேள்விக்குக் கட்டணம் வாங்கி நடத்துவதில்லை. அதிகாலையில் தாவரவியல் பூங்காவிலும் இளைஞர் பூங்காவிலும் நடப்பவர்களில் பாதிப்பேர் தலை நரைத்தவர்களோ என்று தோன்றும். அருகிலுள்ள தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள்; இன்னும் ஏறக்கூடியவர்கள் ஏறுகிறார்கள். ஏற முடியாதவர்கள் அடிவாரத்தில் நின்றே கைகூப்புகிறார்கள்.

இத்தகைய பழக்கங்கள் ஓரிடத்தில் வேரூன்ற முப்பது, நாற்பது ஆண்டுகள் பிடிக்கும். அறுந்துபோக ஓர் அறிவிப்பு போதும். ஜோர்ஜ் டவுன் அதைக் கண்டிருக்கிறது. நகரின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்கு வாழ்ந்தவர்களுக்கு, 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அரணாக இருந்தது. அந்தப் பாதுகாப்பு 2000ஆம் ஆண்டு சனவரி முதல் நாளோடு முடிவுக்கு வந்தது. வாடகை பலமடங்கு ஏற, பலர் வெளியேறினர். அவர்களில் முதியோரும் கணிசமானோர். எட்டு ஆண்டுகள் கழித்து, 2008இல் ஜோர்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலக மரபுடைமை நகரமானது. கட்டடங்களுக்குச் சாயம் பூசப்பட்டது. தங்கும் விடுதிகள் வந்தன. ஐந்தடி நடைபாதையில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த தாத்தாக்கள் பலர் தொலைவிலுள்ள அடுக்குமாடிகளுக்குப் போய்விட்டார்கள். புது வீடு உறுதியானதாக இருந்திருக்கலாம். ஆனால் பெயர் சொல்லி அழைக்க அங்கே யார் இருந்தார்கள்?

சிங்கப்பூர் இந்தச் சிக்கலை வேறு வகையில் அணுகியது. 2018இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டி என்னும் கட்டடத் தொகுதியில் முதியோருக்கென 104 சிறிய வீடுகள் உள்ளன. கீழ்த்தளத்தில் பொதுமக்கள் கூடும் சதுக்கம், மேலே உணவங்காடி, அதற்கு மேல் மருத்துவ நிலையம், கூரையில் தோட்டம். முதியோர் நடவடிக்கை நிலையத்தின் பக்கத்திலேயே குழந்தைப் பராமரிப்பு நிலையத்தையும் வைத்தார்கள். பக்கத்திலேயே ரயில் நிலையம். சன் சிட்டி பிள்ளைகளை வெளியே நிறுத்தியது. இங்கே அவர்கள் தாத்தா பாட்டிகளின் பக்கத்திலேயே விளையாடுகிறார்கள். தமிழகத்தின் கோயம்புத்தூரிலும் ஓய்வுக்காலக் குடியிருப்புகள் பல உள்ளன. வெளிநாடுகளில் பிள்ளைகள் இருக்க, நல்ல தட்பவெப்பத்தையும் மருத்துவமனைகளையும் நாடி அங்கே வருகிறார்கள். பொதுச் சமையற்கூடம் அவற்றின் பெரிய வசதி. ஆயினும், பணம் செலுத்த வல்லவர்களுக்கே அவ்வாய்ப்பு.

மலேசியாவில் 60 வயது நிரம்பியவர் மூத்த குடிமகன் எனக் கொள்ளப்படுகிறார். 2030ஆம் ஆண்டில் மக்கள் தொகையில் ஏறக்குறைய 15 விழுக்காட்டினர் இவ்வயதினராக இருப்பர் எனக் கணிக்கப்பட்டுள்ளது. இவர்கள் எல்லாருக்கும் புதிய குடியிருப்புகள் கட்டுவது நடவாத காரியம். பெரும்பாலோர் இப்போது இருக்கும் வீட்டில்தான் முதுமையடைவார்கள். ஆகவே, பழைய அடுக்குமாடிகளின் மின்தூக்கி பழுதாகாமல் ஓடுவதும், நடைபாதையில் விளக்கு எரிவதும், பேருந்து நிறுத்தத்தில் உட்கார ஓர் இருக்கை இருப்பதும் வெறும் பராமரிப்பு வேலைகள் அல்ல. பன்னிரண்டாவது மாடியில் வாழும் ஒருவருக்கு, மின்தூக்கி நின்றுபோன நாள் வீட்டுச் சிறை நாள்.

சமூகநலத் துறையின் கீழ் மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையங்கள் நாடெங்கும் இயங்குகின்றன. உடற்பயிற்சி, கைவினை, உடல்நலப் பரிசோதனை, கணினி வகுப்பு என்று பல அங்கே நடைபெறுகின்றன. 60 வயதானவர்கள் சேரலாம். சேர்ந்தவர்களுக்கு நேரம் போவதே தெரிவதில்லை. சேராதவர்களில் பலருக்குத் தடையாக இருப்பது கால்வலிகூட அல்ல. புதிய இடத்துக்குள் தனியாக நுழையும் கூச்சம். முதல் நாள் கூடவே போய், உள்ளே உட்கார வைத்துவிட்டு வர ஒருவர் வேண்டும். அந்த ஒருவர், அதே மாடியில் எதிர்வீட்டில் இருக்கும் படிவம் மூன்று மாணவராகக்கூட இருக்கலாம்.