சுக்கான் சொல்லும் சரித்திரம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், உப்பளங்கள் சூழ அமைந்துள்ள சிற்றூர் பழையகாயல். பேருந்துப் பயணிகள் பலரும் இவ்வூரைத் திரும்பியும் பாராது கடந்து செல்கின்றனர். ஆயினும் பாண்டியரின் புகழ்மிக்க காயல் துறைமுகம் இருந்த இடம் இதுவே என்பது கால்டுவெல்லின் முடிவு. 19ஆம் நூற்றாண்டில் அவர் இம்மண்ணில் சீனப் பீங்கான் ஓடுகளைக் கண்டெடுத்தார்.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகளோடு வரும் மரக்கலங்கள் இங்கே தங்கிச் சென்றதைக் குறிப்பிடுகிறார். ஆண்டுதோறும் 1400 குதிரைகள் கீஷ் அதிபரிடமிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்தன என்றும், ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். கடல் வழியில் மாண்ட குதிரைக்கும் விலை கொடுக்கப்பட்டதாம்!

இத்துணைச் சிறப்புற்ற துறைமுகம் போரினால் அழியவில்லை. தாமிரபரணி கொணர்ந்த வண்டல் கரையை வளர்த்தது, கடல் விலகியது. முன்னர்க் கொற்கைக்கு நேர்ந்ததே காயலுக்கும் நேர்ந்தது.

எனினும், அந்நாளைய தொடர்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. தெற்கே கடலோரம் உள்ள காயல்பட்டினத்துப் பழைய பள்ளிவாசல்களின் அடக்கத்தலங்களில், அரபு எழுத்துகள் பொறித்த மீசான் கற்கள் இன்றும் நிற்கின்றன. கல்லைவிட நீடித்து நிற்பவை சொற்கள். கலத்தைத் திருப்பும் ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘நங்கூரம்’ பாரசீகத்து ‘லங்கர்’. ‘முஅல்லிம்’ என்பதற்கு ஆசிரியர் என்று பொருள். கடல்வழி அறிந்து கலம் நடத்துவோரையும் அராபியர் அப்பெயராலேயே அழைத்தனர். அதுவே நம் நாவில் ‘மாலுமி’ ஆயிற்று. ஓதிக் கொடுப்பவருக்கும் கலம் செலுத்துபவருக்கும் ஒரே பெயர்!

நம் முன்னோர் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் கணக்கேடுகளும் பல இல்லங்களின் பழம்பெட்டிகளில் உறங்குகின்றன. அவ்வெழுத்தைப் படிக்க வல்ல பெரியவர்களோ அருகி வருகின்றனர். வீட்டை வெள்ளையடிக்கும் போது அத்தாள்களைக் குப்பையில் சேர்த்து விடாதீர்கள், சகோதரிகளே! உங்கள் பாட்டனாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் அருகிருந்து எழுதிக் கொள்ளட்டும். ஆற்று வண்டலைத் தடுக்க நம் முன்னோரால் இயலவில்லை. இத்தாள்களைக் காப்பது நம்மால் இயலும்.