குடும்பத்துடன் இராமேசுவரம் செல்வோருக்கு

இராமேசுவரத்துக்கு வரும் குடும்பங்களில் இரண்டு வகை உண்டு. அதிகாலையில் வந்திறங்கி, 22 தீர்த்தங்களிலும் ஓட்டமாக நீராடி, அன்று இரவே ரயிலேறிவிடுபவர்கள் ஒரு வகை. அலையில் விளையாடுவதற்கென்றே வருபவர்கள் மற்றொரு வகை. முன்னவர்கள் தீவைப் பார்ப்பதில்லை. பின்னவர்கள் கடலை அறிவதில்லை. இத்தீவிலேயே வசிக்கும் உபாத்தியாயன் என்ற முறையில் இருசாராருக்கும் நான் சொல்லக்கூடியது இதுதான்: இரண்டு நாளாவது தங்குங்கள், கடலில் இறங்குமுன் காற்றை விசாரியுங்கள்.

கூடுமானவரை பகலில் வந்து சேரும் ரயிலில் வாருங்கள். 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் ஓட்டம் நின்றுவிட்டது. அதன் அருகிலேயே எழுந்த புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. கப்பல் வரும்போது இதன் தூக்குப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலே உயர்கிறது. நம் தேசத்து இன்ஜினீயர்களின் திறமையைக் குழந்தைகள் ஜன்னல் வழியே கண்டுகொள்ளட்டும்.

முதல் நாளைக் கோயிலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்னி தீர்த்தம் என்பது கோயிலுக்குக் கிழக்கேயுள்ள கடல்தான். அங்கே நீராடிய பிறகே உள்ளே உள்ள 22 தீர்த்தங்களுக்குச் செல்வது வழக்கம். வாளி வாளியாக ஜலத்தைத் தலையில் கொட்டுவார்கள். குழந்தைகளுக்கு அது ஒரே குதூகலம். ஆனால் நனைந்த கருங்கல் தளம் வழுக்கும். பாட்டிமார்களைக் கைபிடித்து அழைத்துச் செல்ல ஒருவர் கூடவே இருக்க வேண்டும். ஈர வஸ்திரத்துடன் சுவாமி சந்நிதிக்கு விடமாட்டார்கள். ஆகவே மாற்றுத் துணி அவசியம். ஆடி, தை அமாவாசைகளில் பிதுர்க் கடன் செலுத்துவோர் கூட்டம் சொல்லி முடியாது. கைக்குழந்தையுடன் வருவோர் அந்நாட்களை விலக்குவது நலம்.

மாலையில் கந்தமாதன பர்வதத்தின் மேல் நின்று பார்த்தால் ஊரும் கடலும் ஒருங்கே தெரியும். அப்துல் கலாம் அவர்கள் பிறந்து வளர்ந்த வீடு மசூதித் தெருவில் இருக்கிறது. சிக்காகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26-ல் நம் மண்ணில் கால் வைத்த பாம்பனும் இத்தீவில்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு இவையெல்லாம் புத்தகத்தில் படிப்பதைவிட நன்றாக மனத்தில் பதியும்.

இனிக் கடலைப் பற்றி. இத்தீவுக்கு வடக்கே பாக் ஜலசந்தி. தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான வடகடலைப் 'பெண் கடல்' என்றும், கொந்தளிக்கும் தென்கடலை 'ஆண் கடல்' என்றும் இங்கே சொல்வார்கள். வெளியூரார் இப்பெயர்களைக் கேட்டுவிட்டு, வடகடல் என்றைக்கும் சாது என்று எண்ணிவிடுகிறார்கள். அது சரியன்று. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தென்கடல் சீறும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்று தொடங்கிவிட்டாலோ நிலைமை தலைகீழ். ஆகையால் கரையில் வலை காய வைக்கும் மீனவரிடம், "ஐயா, இன்று இங்கே இறங்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாமென்றால் வேண்டாம். சாஸ்திரம் படித்த நமக்கு இந்தச் சாஸ்திரம் தெரியாது.

இரண்டாம் நாள் தனுஷ்கோடி. 2017 முதல் அரிச்சல்முனை வரையில் நல்ல சாலை இருக்கிறது. காலையிலேயே புறப்பட்டு, குடிக்க ஜலமும் குடையும் காலுக்குச் செருப்பும் எடுத்துச் செல்லுங்கள். வெயிலேறினால் மணல் சுடும். பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும். இரு கடல்களும் கூடும் முனையில் நீரோட்டம் வலியது. அங்கே எந்தக் காற்றானாலும் யாரும் நீரில் இறங்கலாகாது. பார்ப்பதோடு போதும். கிளிஞ்சல் பொறுக்கும் குழந்தைகளிடம், பவளப் பாறைத் துண்டுகளை எடுப்பது சட்ட விரோதம் என்று சொல்லி வையுங்கள்.

வழியில் இடிந்து நிற்கும் மாதா கோயிலையும் ரயில் நிலையத்தையும் காண்பீர்கள். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கப்பலேறும் துறைமுகமாக விளங்கிய பட்டினம் அது. 1964 டிசம்பர் 22-ந் தேதி இரவு அடித்த புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலை, நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளுடன் அலை கொண்டுபோயிற்று. அந்தச் சுவர்களின்மேல் ஏறி நின்று சிரித்துப் படமெடுத்துக்கொள்வோரைக் காணும்போது எங்களுக்கு மனம் வருந்துகிறது. அது விளையாட்டு மைதானமன்று. பல குடும்பங்கள் மாண்ட இடம்.

இன்றும் அங்கே மீனவர்கள் குடிசை கட்டி வாழ்கிறார்கள். மணலைச் சில அடி தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். இருபுறமும் உப்புக் கடல் இருக்க, நடுவே ஊறும் அந்தத் தண்ணீரைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். அவர்களிடம் ஏதாவது வாங்கும்போது பேரம் பேசாதிருங்கள்.

கடலைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அதை மதித்தால் போதும். பிள்ளைகளுக்கு அந்த மரியாதையைக் கற்பித்து, அவர்களைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்ப்பதே யாத்திரையின் பலன்.