பிரஷர் எங்கே போச்சு?

கார் ஸ்டார்ட் ஆகலைன்னா நம்ம ஊர்ல வரிசையா மூணு தீர்ப்பு வரும். மொதல்ல பேட்டரி. அடுத்து பிளக். அதையும் தாண்டிட்டா, "பெட்ரோல் பம்ப் போயிடுச்சு சார், மாத்திடலாம்". இந்தப் பதிவு மூணாவது தீர்ப்பைப் பத்தினது. பம்ப் புதுசு, ஃபில்டர் புதுசு, ஏன், டேங்கே புதுசு. அப்பவும் பிரஷர் நிக்கலைன்னா எங்க தேடுறது? கொஞ்சம் டெக்னிக்கலாத்தான் இருக்கும். பொறுத்துக்குங்க மக்களே.

வண்டி எங்கப்பாவோடது. 2004 மாடல், பெட்ரோல். அப்பா ரிட்டயர்டு வாத்தியார், திண்டுக்கல்ல இருக்காங்க. அம்மாவுக்கு மாசம் ஒரு தடவை மதுரைல கண்ணுல ஊசி போடணும். அறுபத்தஞ்சு கிலோமீட்டர் போய், அதே அறுபத்தஞ்சு கிலோமீட்டர் கட்டுப் போட்ட கண்ணோட திரும்பி வரணும். அதனால இந்த வண்டி எங்க வீட்ல ஆடம்பரம் கிடையாது.

டேங்க் உள்ளாற துரு பிடிச்சு, துகள் வந்து ஃபில்டரை அடைக்க ஆரம்பிச்சதால போன வருஷம் டேங்க், பம்ப், ஃபில்டர், ரப்பர் ஓஸ்னு எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தினாங்க. மாத்தினவர் எங்க மெக்கானிக் அண்ணன். அப்பாகிட்ட எட்டாங்கிளாஸ் படிச்சவர். இன்னிக்கும் அப்பா பட்டறைக்குள்ள நுழைஞ்சா கைல இருக்குற ஸ்பானரைக் கீழ வச்சிட்டுத்தான் பேசுவார்.

ஒன்றரை மாசம் வண்டி அம்சமா ஓடிச்சு. அப்புறம் ஆரம்பிச்சது வினை. காலைல சாவியைத் திருப்பினா எட்டு செகண்ட், பத்து செகண்ட் சுத்தி அப்புறமா உயிர் வரும். மதுரைல இருந்து திரும்பும்போது கொடைரோடு பக்கம் டீ குடிக்க நிறுத்தினா, மறுபடி எடுக்க இருபது நிமிஷம். ஏப்ரல் வெயில்ல அம்மா கர்சீப்பைக் கண்ணுல வச்சுக்கிட்டு வண்டிக்குள்ள உக்காந்திருந்தாங்களாம்.

அண்ணன் பம்ப்பைத்தான் சந்தேகப்பட்டார். தன் கைக்காசுல ரெண்டாவது பம்ப் வாங்கிப் போட்டார். ஒரு மாற்றமும் இல்ல. அதுக்குள்ள எங்க மாமா, "வாத்தியாருன்னு மரியாதை குடுக்குற மாதிரி குடுத்து டூப்ளிகேட் சாமான் மாட்டிட்டான்"னு ஆரம்பிச்சிட்டார். அண்ணன் மூணாவது பம்ப்புக்கு ஆர்டர் பண்ணப் போறேன்னார். அப்பாவோ பேசாம வண்டியை வித்துரலாம்னாங்க. இந்த நிலைமைலதான் நான் ஒரு வாரம் லீவுல ஊருக்குப் போனேன்.

மொதல்ல அடிப்படை. கார்புரேட்டர் காலத்துல பம்ப் ஒரு பார் பிரஷர்கூட குடுக்காது, தேவையும் இல்ல. இன்ஜெக்ஷன் வண்டில கதை வேற. இந்த மாதிரி வண்டிகள்ல ஏறக்குறைய 3 பார், அதாவது நாற்பத்திச் சொச்சம் பி.எஸ்.ஐ. பிரஷர் இருந்தாத்தான் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பொடியாத் தூவும். வண்டி ஓடும்போது மட்டும் இந்த பிரஷர் இருந்தாப் பத்தாது. அணைச்சதுக்கு அப்புறமும் லைனுக்குள்ள ஓரளவு நிக்கணும்.

ஏன் நிக்கணும்? ரெண்டு காரணம். ஒண்ணு, அடுத்த தடவை சாவியைத் திருப்பின உடனே வேணுங்கிற பிரஷர் தயாரா இருக்கணும். ரெண்டாவதுதான் முக்கியம். பெட்ரோல்ல லேசான பகுதிகள் முப்பத்தஞ்சு, நாற்பது டிகிரிலயே கொதிக்க ஆரம்பிச்சிடும். பிரஷர்ல இருக்குற வரைக்கும் திரவமா அடங்கிக் கிடக்கும். இஞ்சினை அணைச்ச உடனே காத்தோட்டம் நின்னு பானட்டுக்குள்ள சூடு இன்னும் ஏறும். அந்த நேரம் பார்த்து பிரஷரும் இறங்கினா லைன் பூரா ஆவி. கொடைரோட்டுல நடந்தது இதுதான். 1973-ல வந்த பாஷ் கம்பெனியோட கே-ஜெட்ரானிக் சிஸ்டத்துல, வண்டியை அணைச்ச பிறகு பிரஷரைத் தேக்கி வைக்கவே தனியா ஒரு அக்யுமுலேட்டர் இருந்துச்சு. அவ்வளவு பழைய தலைவலி இது.

நம்ம ஊர்க் கணக்குல சொல்லணும்னா, கிணத்து மோட்டார் ஃபுட் வால்வு. அது ஒழுகினா பைப்புல நின்ன தண்ணி கிணத்துக்கே இறங்கிடும். அடுத்த தடவை ஒரு குடம் தண்ணி ஊத்தித்தான் மோட்டாரைப் போடணும். கார் பம்ப்புக்குள்ளயும் அதே மாதிரி ஒரு ஒன்வே வால்வு இருக்கு. அண்ணன் பம்ப்பைச் சந்தேகப்பட்டது அதனாலதான். நியாயமான சந்தேகம்தான்.

ஆனா பிரஷர் போறதுக்கு வழி அது ஒண்ணு மட்டும் இல்ல. எண்ணிப் பார்த்தா நாலு இருக்கு. பம்ப் பக்கமா டேங்குக்கே திரும்பலாம். பிரஷர் ரெகுலேட்டர் ஒழுகி ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்குப் போகலாம். இன்ஜெக்டர் சொட்டி இஞ்சினுக்குள்ள போகலாம். இல்லாட்டி ஏதாவது ஜாயின்ட்ல வெளியவே கசியலாம். கடைசி ரெண்டும் ஆபத்து. வெளிய கசிஞ்சா தீ. இன்ஜெக்டர் சொட்டினா பெட்ரோல் சிலிண்டருக்குள்ள இறங்கி இஞ்சின் ஆயிலோட கலந்து அதை நீர்க்க வச்சிடும்.

ஆபீஸ்ல புரோகிராம்ல எங்கேயோ பக் இருந்தா பத்தாயிரம் வரியையும் நாங்க மாத்தி எழுத மாட்டோம். பாதியை மூடி வச்சுட்டு மிச்சத்தை ஓட்டிப் பார்ப்போம். தப்பு இந்தப் பாதில இருக்கா, அந்தப் பாதில இருக்கா? அதையே இங்க பண்ணலாமேன்னு அண்ணன்கிட்ட கேட்டேன். "பண்ணலாம் தம்பி, ஆனா கேஜ் வேணுமே"ன்னார். ரெண்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஃப்யூவல் பிரஷர் கேஜ் ஒண்ணு வாங்கினோம்.

கேஜ் மாட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஓசி டெஸ்ட் இருக்கு. சாவியை ஆன்ல வச்சா பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நிக்கும். ஸ்டார்ட் பண்ணாம ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன். இப்படி மூணு தடவை பண்ணிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. உடனே பிடிச்சிக்கிட்டா, பம்ப்பால பிரஷரை ஏத்த முடியுது, ஆனா அது நிக்கலைன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். எங்க வண்டி டக்குனு பிடிச்சது. "அப்போ பம்ப் செத்துப் போகலை"ன்னு அண்ணன் தனக்குத்தானே சொல்லிக்கிட்டார்.

அடுத்த நாள் காலைல, இஞ்சின் ஆறி இருக்கும்போது, பட்டறைக்கு வெளிய காத்தோட்டமா நிறுத்தினோம். பக்கத்துல தீயணைப்பு சிலிண்டர். பீடி, தீப்பெட்டி எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம். லைன்ல இருக்குற பிரஷரை இறக்காம எந்த ஜாயின்ட்டையும் கழட்டக்கூடாது, முகத்துல அடிக்கும். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரிச்சு விடுற குழாய்க்கு முன்னாடி டி போட்டு கேஜை மாட்டினோம்.

சாவி ஆன். முள்ளு 3 பாருக்கு ஏறிச்சு. ஆஃப். ஒரு நிமிஷத்துல 2. அஞ்சு நிமிஷத்துல அரை பார்கூட இல்ல. லேசா இறங்குறது சகஜம், எவ்வளவு இறங்கலாம்னு அந்தந்த வண்டியோட மேனுவல்ல போட்டிருக்கும். ஆனா இது இறக்கம் இல்ல, ஓட்டம்.

ரெண்டாவது தடவை பிரஷர் ஏத்தின உடனே ரிட்டர்ன் லைனோட ரப்பர் ஓஸை, ஓரம் மழுங்கின கிளாம்ப் வச்சு அழுத்திப் பிடிச்சோம். (ரப்பரை மட்டும்தான் அப்படிப் பிடிக்கலாம். பிளாஸ்டிக் பைப்பைப் பிடிச்சா விரிசல் விட்டுடும்.) முள்ளு அதே வேகத்துல இறங்கிச்சு. ரெகுலேட்டர் மேல தப்பில்ல.

மூணாவது தடவை டேங்குல இருந்து வர்ற சப்ளை ஓஸைப் பிடிச்சோம். முள்ளு நின்னுடுச்சு. ஒரு நிமிஷம், அஞ்சு நிமிஷம், டீ வந்துச்சு, குடிச்சு முடிச்சோம், இருபது நிமிஷம். 2.9. அசையலை.

இந்த ஒரு கிளாம்ப்ல எத்தனை சாமான் விடுதலை ஆச்சுன்னு பாருங்க. நாலு இன்ஜெக்டர், ரெகுலேட்டர், ஃபில்டர், முன்னாடி இருக்குற அத்தனை ஜாயின்ட்டும். இனிமே தேட வேண்டியது டேங்க் பக்கம் மட்டும்தான். அங்க இருக்குறதே பம்ப்போட வால்வு, ஓ-ரிங், அப்புறம் பம்ப்பையும் மேல் மூடியையும் இணைக்கிற விரல் நீள ஓஸ்.

பம்ப் அசெம்பிளியை வெளிய எடுத்தோம். அண்ணன் அந்தக் குட்டி ஓஸைத் தொட்டுப் பார்த்துட்டுப் பேசாம நின்னார். ஊறின அப்பளம் மாதிரி உப்பி, கொழகொழன்னு இருந்துச்சு. விரலை வச்சா கறுப்பா ஒட்டிச்சு. கிளிப் இருந்த இடத்துல பிளந்திருந்தது.

அது போலி ஓஸ் கிடையாது, நல்ல இன்ஜெக்ஷன் ஓஸ்தான். கேட்ச் அங்கதான் இருக்கு. சாதாரண ஃப்யூவல் ஓஸ்ல உள்பக்க லேயர்தான் பெட்ரோலைத் தாங்குறதுக்குச் செஞ்சது. வெளிப்பக்க ரப்பர் வெயிலுக்கும் உரசலுக்கும் மட்டும்தான். டேங்குக்குள்ள போட்டா ரெண்டு பக்கமும் பெட்ரோல். முழுக முழுகக் கிடக்குறதுக்குன்னே தனி ஓஸ் இருக்கு, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10னு அதுமேலயே அச்சடிச்சிருக்கும். விலை அதிகம், கேட்டு வாங்கலைன்னா கடைல எடுத்துத் தர மாட்டாங்க. டேங்க் மாத்தின அன்னிக்கு மிச்ச லைனுக்கு வாங்கின ஓஸ்லயே ஒரு துண்டு வெட்டி உள்ள போட்டிருக்காங்க. மொதல் ஒன்றரை மாசம் ஓடினதுக்குக் காரணம் அது ஊற எடுத்துக்கிட்ட நேரம். ரெண்டாவது பம்ப் போட்டப்போ, ஓஸ் புதுசுதானேன்னு அதையே திருப்பி மாட்டியிருக்காங்க. பத்துப் பம்ப் மாத்தியிருந்தாலும் பிரச்சினை அப்படியேதான் இருந்திருக்கும்.

சரியான ஓஸ் மதுரைல இருந்து வந்துச்சு. மாட்டினது மொதல் பம்ப்பை. சாவி ஆன், ஆஃப். அரை மணி நேரம் கழிச்சும் 2.8. ரெண்டாவது பம்ப்பைக் கடைல திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாங்க. அப்பா அதுக்கான காசை எடுத்து நீட்டினாங்க.

"வேணாம் சார், என் படிப்புச் செலவு"ன்னார் அண்ணன்.

"உனக்கு நான் எப்படா பீஸ் வாங்கினேன்?"னு அப்பா பாதிக் காசை மேஜை மேல வச்சுட்டு வந்துட்டாங்க. அண்ணன் அந்த உப்பின ஓஸ் துண்டைத் தூக்கிப் போடலை. புதுப் பசங்களுக்குக் காட்டணும்னு சுவத்துல ஆணி அடிச்சு மாட்டிட்டார். மாமா அதுக்கப்புறம் டூப்ளிகேட் பேச்சை எடுக்கலை. அம்மாவுக்கு அடுத்த ஊசிக்கு அதே வண்டிலதான் போனாங்க.

எனக்கு இதுல மனசுல நின்னது ஒண்ணுதான். அண்ணனுக்குக் கைத்திறமையும் குறைவில்ல, நேர்மையும் குறைவில்ல. இல்லாதது ஒரு கேஜும், "எல்லாமே புதுசு"ங்கிற வார்த்தையை நம்பாம ஒரு மணி நேரம் உக்காந்து பாக்குற பொழுதும்தான். அது இல்லாததால ஒரு நல்ல மனுஷன் கிட்டத்தட்ட திருடன் பட்டம் வாங்கப் பார்த்தார்.

உங்க வண்டில பம்ப் மாத்தணும்னு யாராவது சொன்னா சண்டைக்குப் போகாதீங்க. "அண்ணே, கேஜ் மாட்டிப் பார்த்தீங்களா? எந்தப் பக்கம் இறங்குது?"ன்னு மட்டும் கேளுங்க. பம்ப்தான்னு தெரிஞ்சா தாராளமா மாத்துங்க. அப்படியே டேங்குக்குள்ள போற ஓஸ்ல என்ன அச்சடிச்சிருக்குன்னும் ஒரு பார்வை பாத்துடுங்க.