கடல்ல தங்கம் இருக்கு ஸார்!

எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் பத்தாங்கிளாஸோடு பேச்சுவார்த்தை கிடையாது. பி.காம். எடுத்ததே அதற்குப் பயந்துதான். அப்பேர்ப்பட்டவனை, கடல்தண்ணீரில் என்னென்ன உலோகம் கரைந்திருக்கிறது என்று படிக்க வைத்தது அம்மாவின் சங்கிலி. அது இப்போது அடகுக் கடையில் இருக்கிறது.

நண்பனோடு சேர்ந்து ஊறுகாய் வியாபாரம். சொந்தக்காரர்கள் இருபது வீட்டுக்கு சாம்பிள் கொடுத்தேன். ‘பிரமாதம்!’ என்றார்கள். நோட்டில் லாபக் கணக்கு எழுதினேன். சங்கிலியை வைத்தேன். கடைகளுக்குப் போன பாட்டில்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன.

வட்டி கட்டக் காத்திருந்த ஒருநாள், செல்போனில் ஃபிரிட்ஸ் ஹேபர் மாட்டினார். 1918-ம் வருஷத்து நோபல் பரிசு பெற்ற ஜெர்மன் கெமிஸ்ட். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனிக்கு 1921-ல் வந்த பில், 13,200 கோடி தங்க மார்க்! கடலிலிருந்து தங்கம் எடுத்தே கடனை அடைத்துவிடலாம் என்று கிளம்பிவிட்டார் மனுஷர். டன்னுக்குச் சில மில்லிகிராம் தேறும் என்று கணக்கு. 1923-ல் கப்பலிலேயே லேப் வைத்து அட்லாண்டிக்கைச் சோதித்தார். ஆயிரக்கணக்கில் சாம்பிள். கடைசியில் பார்த்தால், டன்னுக்கு ஒரு மில்லிகிராமில் நூறில் ஒரு பங்குகூட இல்லை!

அப்படியானால் முதலில் தெரிந்த தங்கம்? பாத்திரத்திலும் ரசாயனத்திலும் ஒட்டியிருந்ததெல்லாம் கடல் கணக்கில் ஏறியிருந்தது. இன்றைய கணக்கு இன்னும் மோசம். அட்லாண்டிக்கில் 10 கோடி டன் தண்ணீருக்குச் சுமார் 1 கிராம்தான்.

அதனால்தான் இப்போது இந்த ஆராய்ச்சிக்காரர்கள் பாட்டிலை நாள்கணக்கில் ஆசிடில் ஊறவைக்கிறார்கள். கப்பலே இரும்பாயிற்றே! அதன் துரு துளி விழுந்தாலும் கடலின் இரும்புக் கணக்கு காலி. எனவே இரும்புக் கம்பிக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு. லேபுக்குள் வரும் காற்றைக்கூட வடிகட்டுகிறார்கள்.

எனக்குச் சுரீரென்றது. என்னுடைய இருபது சாம்பிளும் பாசம் ஒட்டிய பாட்டில்! சுத்தமான பாட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. என் மனைவி. ‘கடல்தண்ணி மாதிரி கரிக்குதுங்க’ என்றாள். அந்த ஒரு ரிசல்ட்டை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை.

அம்மா இதுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்யாண வீடுகளுக்குப் போகும்போது மட்டும் புடவைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொள்கிறாள்.

அடுத்து ஒரு ஐடியா இருக்கிறது. இந்தத் தடவை முதல் சாம்பிள் மனைவிக்குத்தான், ஸார்!