அன்னாசிக்குள் ஒரு ரப்பர் தோட்டம்

ஜொகூர் பாருவிலிருந்து மேற்கே சென்று பொந்தியான் மாவட்டத்துக்குள் நுழைந்ததும், சாலையோரக் கடைகளில் அன்னாசிப் பழங்கள் கண்ணில் படத் தொடங்கின. பெக்கான் நானாஸ் அன்னாசியால் பெயர் பெற்ற ஊர். அந்த ஒரு பழத்துக்காக அங்கே ஓர் அருங்காட்சியகமே இருக்கிறது. அருங்காட்சியகக் கல்விப் பணியை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விரும்புகிறவன் நான். எல்லோருக்கும் தெரிந்த பழம் ஒன்றை வைத்துக்கொண்டு, தெரியாத எதையெல்லாம் சொல்ல முடியும் என்று பார்க்க ஆவலாக இருந்தது.

முதல் வியப்பு மண். இலையும் வேரும் பல்லாயிரம் ஆண்டுகள் நீரில் ஊறி, முழுக்க மட்காமல் படிந்த கரிய மண் இது. மலாயில் கம்புட் என்கிறார்கள். புளிப்பேறிய இந்த மண்ணில் பல பயிர்கள் திணறும்; அன்னாசி செழிக்கிறது. ஜொகூர், சரவாக் இரகங்களின் கலப்பில் பிறந்த ஜோசபைன் என்ற இனிப்பு வகையை மலேசிய வேளாண் ஆய்வு நிறுவனமான மார்டி 1996இல் வெளியிட்டது.

இரண்டாவது வியப்பு நம்மவர் கதையோடு தொடர்புள்ளது. சிங்கப்பூர் வணிகர் டான் கா கீ 1904இல் அன்னாசியை டப்பாவில் அடைக்கும் தொழிலில் இறங்கினார். 1906இல் தம் அன்னாசித் தோட்டத்தில் ஊடுபயிராக ரப்பரை நட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்ட ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அன்னாசியோ ஒன்றரை ஆண்டுக்குள் காய்த்துவிடும். ரப்பர் முதிரும்வரை முதலாளிகளுக்குக் கைகொடுத்தது இந்தப் பழம்தான். மலாயாவெங்கும் ரப்பர் தோட்டங்கள் பெருக, பால் வெட்டக் கப்பலேறி வந்தார்கள் தமிழர்கள். ஒரு தமிழ்ப் பள்ளிப் பிள்ளையை இந்த அன்னாசியின் முன் நிறுத்தினால், அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பாட்டி இந்த நாட்டுக்கு வந்த கதையை இங்கிருந்தே தொடங்கலாம்.

பார்க்க வருபவரின் வாழ்வோடு ஒட்டாத விளக்கம் பயன் தராது என்று 1957இலேயே வலியுறுத்தினார் அமெரிக்கரான ஃப்ரீமன் டில்டன். அருங்காட்சியகக் கல்வியாளரின் வேலை முழுவதும் அதற்குள் அடங்கும்: பொருளை அறிய வேண்டும், வந்து நிற்பவரையும் அறிய வேண்டும்.

பெக்கான் நானாஸிலிருந்து தெற்கே தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர்தான். மரப்பலகைப் பாதையின் இருபுறமும் அலையாத்திக் காடு. சேற்றைத் துளைத்து நிமிர்ந்த மூச்சுவேர்களுக்கிடையே மீன்கள் துள்ளித் துள்ளித் தரையில் நடமாடின. பிச்சாவரத்தில் படகில் போனவர்களுக்கு இந்த மரங்கள் உறவினர்களாகத் தெரியும். 2003இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட 526 ஹெக்டேர் இது. எதிரே நீரிணையில் வரிசையாகக் கப்பல்கள். அவை எழுப்பும் அலைகள் இந்தக் கரையை அரிக்கின்றன. உலக வணிகத்தையும் ஒரு வேரின் உயிரையும் ஒரே இடத்தில் நின்று காட்ட முடிகிறது. சுவரில்லாத அருங்காட்சியகம் என்று இதைச் சொல்வேன்.

இந்தப் பணிக்கு வர நினைப்போருக்கு வழிகள் உண்டு. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் 1952 முதலே அருங்காட்சியகவியல் கற்பிக்கிறார்கள். சிங்கப்பூரில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தில் பார்வையாளர்களுக்கு வழிகாட்டித் தொண்டாற்றுவோர் இருக்கிறார்கள். 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் நம் வீட்டு வாசலில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்கான உலக வரையறையை பிராகா நகரில் 2022இல் திருத்தியபோது, கல்வியும் மகிழ்வும் சிந்தனையும் அறிவுப் பகிர்வும் அதில் இடம்பெற்றன.

படிப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் அருங்காட்சியகத்துக்கு ஒரு குழந்தையை அழைத்துச் செல்லுங்கள். ஒரே ஒரு பொருளின் முன் நில்லுங்கள். அந்தக் குழந்தை முதலில் என்ன கேட்கிறது என்று கவனியுங்கள். பதில் தெரியாவிட்டால் தேடிப் படித்துவிட்டு மறுவாரம் மீண்டும் போங்கள். இந்தத் தொழிலின் முதல் பாடம் அதுதான்.