சொல் தடுமாறும்போது

மார்பிலோ நுரையீரலிலோ தோன்றிய புற்றுநோய் மூளைக்குப் பரவினால், சிலருக்குச் சொல் தடுமாறும். தண்ணீர் கேட்க எண்ணியவர் வாயில் 'குடை' என்று வரும். வீட்டார் பதறி, வாக்கியத்தைத் தாமே முடித்துவிடுவர். அன்புதான், எனினும் நோயாளி மெல்ல மெல்லப் பேச்சையே கைவிடுகிறார்.

நோயுற்றாரை நோயுற்றாரே தேற்றும் வழக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவர் டெரீஸ் லாசர். 1952இல் நியூயார்க்கில் மார்பக அறுவைக்கு ஆளான இவ்வம்மையார், அதே அறுவை கண்ட பெண்களைப் படுக்கையருகே சென்று சந்தித்தார். மருத்துவர் சிலர் முகஞ்சுளித்தனர்; அவர் நிறுத்தவில்லை.

கூலாயிலிருந்து கதிரியக்கச் சிகிச்சைக்காக ஜொகூர் பாரு செல்லும் இருவர் அருகருகே அமர நேரலாம். மூளை வீக்கம் தணிக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரையால் உறக்கம் கெட்டு, நள்ளிரவில் பசிப்பதாக ஒருவர் சொல்வார். "எனக்குந்தான்" என்பார் மற்றவர். பிறகு ஏதோ சொல்ல வாயெடுத்துச் சொல் கிட்டாமல் நிற்பார். முன்னவர் எடுத்துக் கொடுக்கமாட்டார், காத்திருப்பார்.