கோயில் கூரையில் எரிந்த விளக்கு!

காஞ்சிபுரத்துக்குப் பட்டுச் சேலை எடுக்கப் போகிறவர்கள், கைலாசநாதர் கோயிலையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவார்கள். அந்தக் கோயிலைக் கட்டியவர் பல்லவ மன்னர் ராஜசிம்மன். அவர் காலத்துக் கோயிலாகக் கருதப்படும் இன்னொன்று, பின்னாளில் கடலில் போகிறவர்களின் உயிர் காக்கும் கட்டடமாக மாறிய கதை தெரியுமா?

அதற்கு மாமல்லபுரம் போக வேண்டும். காஞ்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர். பல்லவர்களுக்குத் தலைநகரம் காஞ்சி என்றால், துறைமுகம் மாமல்லபுரம். அங்கே மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் நிற்கிறது ஓலக்கண்ணேஸ்வரர் கோயில். 8-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உச்சியில் இருந்த விமானம் இப்போது இல்லை. ஆனால் சுவரில் தட்சிணாமூர்த்தியும், கயிலையைத் தூக்க முயலும் ராவணனும் இருக்கிறார்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில், கப்பல்களுக்குக் கரையைக் காட்ட உயரமான ஓர் இடம் தேவைப்பட்டது. பாறையே பாதி உயரத்தைக் கொடுத்துவிட, கோயிலின் கூரையே விளக்கு மேடையானது. மாமல்லபுரத்தில் முதல் விளக்கு ஏற்றப்பட்ட ஆண்டு 1887. பக்கத்திலேயே கருங்கல்லில் கட்டிய வட்டமான கலங்கரை விளக்கம் 1904-ல் செயல்பாட்டுக்கு வந்தது. கோயிலின் வேலை அதோடு முடிந்தது.

கலங்கரை விளக்கம் வெறும் வெளிச்சம் மட்டுமல்ல. ஒவ்வொன்றும் எத்தனை நொடிக்கு ஒரு முறை மின்னும் என்று தனிக் கணக்கு உண்டு. அதை வைத்தே, இருட்டில் வரும் மாலுமி ‘இது எந்த ஊர்’ என்று கண்டுபிடித்துவிடுவார். இந்தக் கரையில் அது முக்கியம். 2004 சுனாமியின்போது கடல் உள்வாங்கியதும், தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறைகள் வெளியே தெரிந்தன. வழி தவறி வரும் படகுக்கு அப்படி ஒரு பாறை போதாதா?

இன்று வருகிறவர்கள் பெரும்பாலும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கலங்கரை விளக்கத்தில் ஏறி, கடற்கரைக் கோயிலைப் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் பழைய கோயிலை ‘ஏதோ ஒரு மண்டபம்’ என்று கடந்துபோகிறவர்களே அதிகம். கருவறையில் இன்று பூஜை இல்லை; கூரையில் விளக்கும் இல்லை.

அடுத்த முறை போகும்போது, மேலே ஏறியதும் கடலைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நிமிடம் கீழே பாருங்கள். அந்தத் தட்டையான கூரை தெரியும். பல வருடங்கள், பல வீட்டுப் பிள்ளைகள் பத்திரமாகக் கரை சேர வழிகாட்டிய இடம் அது. குழந்தைகளுக்கும் காட்டிச் சொல்லுங்கள்!